கண்மலர் விற்க மறுத்தவர்

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு நான் திரும்பினேன். மூன்று வயது மகள் விளக்குக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இடது கண்ணில், கருமணி இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளையாக ஏதோ பளிச்சிட்டது. இருட்டில் பூனையின் கண் மின்னுமே, அப்படி. தலையைத் திருப்பினாள். மறைந்துவிட்டது.

ஈயச் சுரங்கங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் ஆட்களைக் குறைத்துக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. என் கணவருக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. அங்கேயும் ஆட்குறைப்பு நடந்தது. அவர் பெயர் மட்டும் தப்பியது. அதற்குக் காரணம் எங்கள் மகளின் கண்தான் என்று நாங்கள் நம்பினோம். சில மாதங்களாகவே அந்த இடது கண் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது. மாறுகண் பெண் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். கணவர் வேலையில் நிலைத்ததற்காக நான் சர்க்கரைப் பொங்கல் வைத்து, முதல் கரண்டியை அவளுக்குத்தான் ஊட்டினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்தவள் நான். அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். கோடி வீட்டு அக்கா போன வாரம் குழந்தைக்கு மை வைத்துவிட்டாரே, அந்த மையில் என்ன இருந்தது? தெருவில் பால் ஊற்றுகிறவர் ஏன் அவளையே உற்றுப் பார்க்கிறார்? விளக்கருகே யாரும் அவளைப் பார்த்துவிடக் கூடாது என்று சாயங்காலமானால் உள்ளறையில் வைத்துக்கொண்டேன். கணவரிடம் சொன்னபோது, "வெளிச்சம் பட்டா எல்லாக் கண்ணும்தான் மின்னும்லா" என்றார். அவரும் பயந்துதான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

கிள்ளானில் என் அண்ணன் குடும்பம் இருந்தது. அண்ணி மட்டும்தான் நான் அழுததைக் கேட்டு, ஒரு வழியும் சொன்னார். அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் செலுத்துவதாக வேண்டிக்கொள், சரியாகிவிடும் என்றார். எங்களில் யாருக்குக் கண்ணில் என்ன வந்தாலும் அதுதானே செய்வோம். மெல்லிய வெள்ளித் தகட்டில் கண் வடிவத்தில் இருக்கும். கோயில் வாசலில் வாங்கி அம்மன் பாதத்தில் வைக்கவேண்டும். மறு வாரமே மகளோடு ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய், அண்ணியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

கோயில் வாசலில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தடித்த உடம்பு, வாயில் வெற்றிலை, எதற்கெடுத்தாலும் முகத்தைச் சுளிக்கிற ஆள். கண்மலர் கேட்டேன். எடுத்துக் கையில் கொடுக்கப் போனவர், என் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைக்கா?"

"ஆமாங்கண்ணே."

சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச் லைட்டை எடுத்தார். நான் சுதாரிப்பதற்குள் ஓரமாக அவள் முகத்தில் வெளிச்சத்தைக் காட்டினார். பிறகு கண்மலரை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார்.

"இதுக்கு நான் விக்கிறதில்லை."

"ஏண்ணே?"

"விக்கிறதில்லைன்னா விக்கிறதில்லை. வீடு எங்க? எந்த ஊரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணிதான் வெகுளியாக, "கோலாலம்பூரு, பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே கோட்டர்ஸ்" என்று முழு விலாசத்தையும் சொல்லிவிட்டார். அண்ணியின் கையைக் கிள்ளினேன். காரியம் கெட்டுவிட்டது.

விற்கிறவன் விற்கமாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அம்மனே வாங்கமாட்டேன் என்கிறாளா? இல்லை, இவன் மந்திரம் தந்திரம் செய்கிறவனா? அடுத்த கடையில் கண்மலர் வாங்கிச் செலுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரயிலடிக்கு நடந்தேன். மனம் ஆறவே இல்லை.

இரண்டொரு நாள் கழித்து, பகலில், கோடி வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தங்கச்சி, கதவைச் சாத்து! எவனோ ஒருத்தன் தெரு முனையில நின்னுக்கிட்டு, பூனைக்கண்ணு பிள்ளை இருக்கிற வீடு எதுன்னு கேக்கறான்!"

ஜன்னல் வழியே பார்த்தேன். கிள்ளான் கடைக்காரர். குடையும் கையுமாக ஒவ்வொரு வீட்டு வாசலையும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்போது ஊரில் ஒரு பேச்சு உலவியது. ஆற்றின்மேல் கட்டுகிற பாலம் நிற்கமாட்டேன் என்கிறது, தூணுக்கடியில் வைக்கக் குழந்தைத் தலை தேடி ஆள் அலைகிறது என்று. படித்தவள்தான் என்றாலும் நானும் அதைக் கேட்டுவிட்டுக் குழந்தையைத் தெருவில் விடாமல் இருந்தேன். மகளை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்து, வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்தேன்.

வெளியே அக்காவின் குரலுக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களும் கைலியை இறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அவருடைய குடையைப் பிடுங்கினார். இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். யாரோ போலீசைக் கூப்பிடச் சொன்னார்கள். போலீஸ் வருவதற்குள் நாலு போடலாம் என்றார் மற்றொருவர்.

அந்த ஆள் ஓடவில்லை. கெஞ்சவும் இல்லை. "அடிக்கணும்னா அடிங்க. ஆனா மொதல்ல அந்தப் பிள்ளையைக் கொண்டாந்து ஒரு விளக்கைப் பிடிங்க. ஓரமாப் பிடிக்கணும். ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தா, என்னைக் கட்டி வச்சு அடிங்க" என்றார்.

அன்று என் கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மூட்டைக்குப் பின்னாலிருந்து மகளைத் தூக்கி வெளியே கொண்டுபோனார். எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் ஏன் அவன் சொன்னதைக் கேட்கிறார்?

அக்காதான் விளக்கு கொண்டுவந்தார். தாழ்வாரத்தின் நிழலில் ஒருவர் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஓரமாக விளக்கைத் தூக்கினார். வலது கண் எல்லோருடைய கண்ணையும் போல இருந்தது. இடது கண் வெள்ளையாக மின்னியது.

சட்டையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார். குழந்தையைப் பிடித்திருந்தவர் அவளை மெல்லக் கீழே இறக்கிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. ஓடிப்போய் அவளை வாரி எடுத்துக்கொண்டேன்.

"எதுக்கு எங்களைத் தொரத்துறீங்க? உங்களுக்கு இதுல என்ன லாபம்?" என்று கத்தினேன்.

அவர் குடையை வாங்கி, வளைந்த கம்பியை நிமிர்த்திக்கொண்டே பதில் சொன்னார். "கண்மலர் விக்கிறதுலதாம்மா லாபம். இதுல எனக்குக் கெடைக்கிறது அடிதான். கண்ணு நோவுன்னா நம்ம சனம் மொதல்ல என் கடைக்குத்தான் வருது. ஆஸ்பத்திரிக்குக் கடைசியாப் போவுது. போறப்ப ஒண்ணும் மிஞ்சியிருக்காது. நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. நானும் கூட வரேன்."

"அங்க என்ன செய்வாங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"பார்ப்பாங்க. மருந்து ஊத்துவாங்க. வேறென்ன?"

சொல்லும்போது அவர் என் கணவரைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். அன்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கணவர் லீவு போட்டார். அந்தக் காலத்தில் லீவு கேட்பதென்றால் மேஸ்திரி முகத்தில் விழித்துவிட்டு வரவேண்டும். ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டுதான். அங்கே போனவர்கள் குணமாகாவிட்டால் வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று எழுதிக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. எங்கே போவது, யாரிடம் நிற்பது, எந்தக் கதவு முதலில் திறக்கும் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரர் அங்கே சொந்த வீட்டில் நடப்பதுபோல் நடந்தார். நர்சுகளில் சிலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இவன் ஆள் பிடித்துக் கொடுக்கிற தரகனோ என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளைக்கார டாக்டர் குழந்தையின் கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் பேசியதைத் தமிழில் சொன்னவர் அங்கே காயங்களுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற டிரஸ்ஸர்.

"கண்ணுக்குள்ள கட்டி வளருது. புத்துநோய். மருந்துக்கு அடங்காது. கண்ணை எடுத்துடணும். இப்ப எடுத்தா பிள்ளை பொழைக்கும். கட்டி வெளிய வந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குக் காலையில ஆபரேஷன். இன்னைக்கு வெளக்கு வைக்கிறதுக்குள்ள வார்டுல சேர்த்துடுங்க."

கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் புரிந்துவிட்டதுபோல் இருந்தது. வெள்ளைக்காரர்கள் கண்ணை எடுத்து ஜாடியில் போட்டுச் சீமைக்கு அனுப்புவார்கள் என்று கோடி வீட்டு அக்கா எப்போதோ சொன்னது, டார்ச் லைட், நர்சுகளின் சிரிப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். தாழ்வாரம், படிகள், முற்றம். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. மருந்து விட்ட கண்ணில் வெயில் பட்டு அவள் வீறிட்டாள்.

வெளி வாசலில் அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். அந்தத் தடித்த உடம்போடு எப்படி முந்தினாரோ! இரைத்துக்கொண்டு, வாசல் தூணைப் பிடித்தபடி நின்றார். ஆனால் வழியை மறிக்கவில்லை.

"பொய்தான் சொன்னேன்" என்றார். "முன்னாடி ரெண்டு வீட்டுல உண்மையைச் சொன்னேன். ரெண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பிள்ளையும் இப்ப இல்லை."

"நீங்க இப்பச் சொல்றது மட்டும் பொய்யில்லைன்னு நான் எப்படி நம்பறது?"

அவர் தூணிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான்மா. இதே கண்ணு. இதே ஆஸ்பத்திரி. டாக்டர் என்கிட்ட உண்மையைத்தான் சொன்னாரு. நான்தான் அவனைத் தூக்கிக்கிட்டு ஓடினேன், இப்ப நீங்க ஓடுற மாதிரி. இந்த வாசல் வழியாத்தான் போனேன்." முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "கண்ணைக் காப்பாத்திட்டேன். கண்ணோடதான் பொதைச்சேன்."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடை வைத்திருக்கிறவனுக்குக் கதை சொல்லத் தெரியாதா? கண்ணை எடுத்த பிறகு ஒரு குழந்தையாவது உயிரோடு இருக்கிறதா, காட்டுங்கள், என்று கேட்டேன். அந்தக் கேள்வி எங்கிருந்து என் வாயில் வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல இருக்கு. கூட்டியாந்தா உள்ள வருவீங்களா?"

"கூட்டிட்டு வாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

"அதுவரைக்கும் இந்த மரத்தடியை விட்டு நகரக் கூடாது."

தலையாட்டினேன். வேகமாக ரயிலடிப் பக்கம் போனார்.

வாசலுக்கு வெளியே நிழல்மரத்தின் அடியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். என் கணவர் ஒருவழியாகச் செருப்பைத் தேடிக் கொண்டுவந்து என் காலருகே வைத்தார். "என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "உனக்குத் தோணுறதைச் செய்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகுதான் பார்த்தேன், இரும்பு பிடித்துக் காய்த்துப்போன அவருடைய கை, குழந்தையின் பாதத்தை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் போனது. ஆஸ்பத்திரிச் சுவருக்கு அப்பால் ரயில் ஊதுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கணவர் தலையை நிமிர்த்திக் கேட்டு, "இது ஈப்போ வண்டி" என்பார். அடுத்ததற்கு, "இது சரக்கு வண்டி" என்பார். கிள்ளான் வண்டி ஒன்று வந்துபோனது. யாரும் வரவில்லை. அந்த ஆள் தப்பித்துவிட்டான், அப்படி ஒரு பிள்ளையே இருக்காது என்றேன். டிரஸ்ஸர் வாசல்வரை வந்து, "இன்னும் முடிவு பண்ணலையாம்மா? பொழுது போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் தூங்கி எழுந்து, மரத்திலிருந்து விழுந்த காய்களைப் பொறுக்கி என் மடியில் போட்டாள். ஒவ்வொரு காயையும் முகத்தின் அருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, வலது கண்ணால் மட்டும் பார்த்தாள். இடது கண்ணில் பார்வை போய்விட்டது என்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. நான் யாருக்காகவோ காப்பாற்றிக்கொண்டிருந்த கண், அவளுக்கு எப்போதோ பயன்படாமல் போயிருந்தது.

அதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போது என் மகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. நான் படித்த அதே பள்ளிக்கூடத்துக்கு ஒற்றைக் கண்ணோடு போகிறாள். தெருப் பிள்ளைகள் ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்லிவிட்டு வருகிறாள். கடைக்காரர் ஆள் அனுப்பும்போதெல்லாம் நானும் அவளும் கிளம்பி, அந்த மரத்தடிக்கோ, ஏதாவது தோட்டத்து லயத்து வீட்டுக்கோ போகிறோம். இப்போதெல்லாம் அவர் யாரிடமும் பொய் சொல்வதில்லை. எங்களைக் கூட்டிப்போய் நிறுத்துகிறார், அவ்வளவுதான். பெற்றவர்கள் என்னையும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். உனக்கு இதில் என்ன லாபம் என்று ஒரு தாய் கேட்டே விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தேகப்படுகிறவர்களைத் திட்டிக் கதவுக்குள் கொண்டுபோக முடியாது, அவர்களோடு மரத்தடியில் உட்காரத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது, முதலில் என் மகளின் வலது கண்ணைத்தான் பார்க்கிறேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு கணம் மூச்சு நின்றுதான் வருகிறது.

அன்று வெயில் சாய்ந்துவிட்டது. வார்டில் விளக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். இன்னொரு ரயில் ஊதியது. என் கணவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "கிள்ளான் வண்டி" என்றார். நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் குடை தெரிந்தது, வளைந்த கம்பியோடு. அவருக்குப் பின்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது போடுகிற சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பெண் வந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இடது கண் இருந்த இடத்தில் இமை மூடி உள்ளே அமுங்கியிருந்தது. தலையில் எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னியிருந்தார்கள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிறுமி நேராக என் மகளிடம் போனாள். முன்னால் குந்தி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்து அவள் கண்ணைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சாம், அத்தை. இங்கதான் எடுத்தாங்களாம். எங்கம்மா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க" என்றாள். என் மகளின் கையிலிருந்து ஒரு காயை வாங்கி உருட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை" என்றாள்.